இடது பக்கத்து மெயின் பட்டை

1. டெலிபோன்

ரங்கூனிலிருந்து வடக்கே போகும் ப்ரோம் ரோட்டில் டிரெய்லர் கவிழ்ந்துவிட்டது என்று டெலிபோன் வந்தபோது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் கேட்கவில்லை. இடது பக்கம்தான். வண்டி எங்கள் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே அது எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூன் தாமுவேயில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் ஸ்பிரிங் வேலைக்கு நான் பொறுப்பாளன். ஹைஸ்கூல் முடித்தவன். இங்கிலீஷும் பர்மியும் பேசுவேன். அதனால் மானேஜர் துரைக்கும் கொல்லர் உலைக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லுவதும் என் வேலையாக இருந்தது. மோட்டார் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஸ்பிரிங் பராமரிப்பு பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வண்டியில் அடங்கிவிடும்.

2. வால் வீடு

மரக் கம்பெனி துரை ஒருவர் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர் அது. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, உள்ளே கட்டில், மேசை, மூலையில் சமையல் அடுப்பு. எங்கள் ஆட்கள் அதை ‘வால் வீடு’ என்பார்கள். சுற்றுப்பயணத்தில் துரையும் அவர் மனைவியும் காரில் போவார்கள். சமையல்காரர் காசிம் பாய் வால் வீட்டுக்குள் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாகூர்ப் பக்கத்து மனிதர், வாய் ஓயாதவர். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

“தம்பி, தொரைக்கு ஆம்லெட் போட நான் முட்ட ஒடைக்கிறதே இல்ல. ஒங்க வண்டியே ஒடைச்சுக் குடுத்துடுது.”

“அப்ப வேலை மிச்சம்தானே பாய்?”

“மிச்சமா? ஒரு கையி சட்டியப் புடிக்குது, ஒரு கையி என்னையப் புடிக்குது. ரெண்டு கையையும் எனக்குத் திருப்பிக் குடு, போதும்.”

குறை எங்கே என்று பார்க்க நேரமாகவில்லை. துரை ஒவ்வொரு பயணத்துக்கும் எதையாவது ஏற்றிக்கொண்டே போயிருந்தார். தண்ணீர்த் தொட்டி, பெரிய இரும்பு அடுப்பு, சாமான் பெட்டி. ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வில்லாக வளைந்திருக்க வேண்டிய இரும்புப் பட்டைகள் தட்டையாகிக் கிடந்தன. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அச்சு மேலே வந்து சேஸிஸ் சட்டத்தில் இடித்தது. இரு பக்கமும் கூடுதல் பட்டை போடுவது, ஸ்பிரிங் நுனியைச் சட்டத்தில் தொங்கவிடும் ஷாக்கிளின் பின்னும் புஷ்ஷும் மாற்றுவது, ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டைப் புதிதாக மாட்டுவது என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். மானேஜர் ஒப்புக்கொண்டார். பழைய ஃபோர்மேன் வேலையை விட்டுப் போகும் சமயம் அது. “திங்கட்கிழமை வண்டி ப்ரோமுக்குக் கிளம்பட்டும். அப்புறம் உன் விஷயத்தைப் பேசலாம்,” என்றார்.

3. சாக்கில் ஒரு கோடு

ஸ்பிரிங்கைக் கழற்றினால் முதலில் செய்ய வேண்டியது இது. பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்குக்கட்டித் தூள் பூசிச் சற்று நேரம் விட்டுவையுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுப்பாகக் கோடு காட்டும். யு போல்ட் தளர்ந்த நிலையில் ஓடிய வண்டி என்றால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையை உற்றுப் பாருங்கள். அங்கேதான் முதலில் விரியும்.

இடது பக்கத்து மெயின் பட்டையில், அதாவது அடுக்கில் மேலே இருக்கும் மிக நீளமான பட்டையில், அங்கேதான் கோடு விழுந்தது. மயிரிழை அளவு. வேறு யாரும் பார்க்கும் முன் கைத்துணியால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று அப்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

புது மெயின் பட்டை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் வராது. எங்கள் கொல்லர் கோ சான் ஊவிடம் மட்டும் பட்டையைக் கொண்டுபோய் விரிசலைக் காட்டினேன். பழைய லாரிப் பட்டை ஒன்றை அதே நீளத்துக்கு அடித்து, மெயின் பட்டைக்கு அடியில் துணையாகக் கொடுத்தார். அதற்கும் அடியில், திட்டப்படி கூடுதல் பட்டைகளைச் சேர்த்து மாட்டினோம்.

4. ரடே

கோ சான் ஊ பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானிலிருந்து வந்தவர். பர்மியில் ‘ஆகும், பரவாயில்லை, ஓடும்’ என்பதற்கு ரங்கூன்காரர்கள் ‘யடே’ என்பார்கள். அரக்கான் நாக்கில் அது ‘ரடே’ என்று வரும். அவர் அதை வேகமாகச் சொன்னால் இங்கிலீஷ் ‘ரெடி’ போலவே காதில் விழும். இதைப் பட்டறையில் வேடிக்கையாக்கியவன் நான்தான். வேலை முடிந்ததா என்று யார் கேட்டாலும் எங்கள் ஆட்கள் “ரடே” என்று அவர் குரலில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மாட்டி முடித்ததும் அவர் என்னிடம் பர்மியில் சொன்னார்: “ரடே, சயா. ஊருக்குள்ள ஓடும். ப்ரோம் ரோடு வேணாம். தாங்காது.”

சயா என்பது படித்தவர்களுக்குப் பர்மியர்கள் கொடுக்கும் மரியாதை. நான் தலையசைத்தேன். அந்த நேரம் மானேஜர் உள்ளே வந்தார். பட்டையைக் காலால் தட்டி, நேரே அவரிடமே, “சான், ரெடி?” என்று கேட்டார்.

“ரடே,” என்றார் கோ சான் ஊ.

மானேஜர் சிரித்துவிட்டார். “பார்த்தியா, உன் கொல்லனுக்கும் இங்கிலீஷ் வந்துடுச்சு. நீ என்ன சொல்றே?”

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நான் “ரெடி, சார்” என்றேன்.

அன்று மாலை ஊருக்குள் இருக்கும் ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். காசிம் பாய் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். இறங்கும்போது கூடையைத் தூக்கிக் காட்டினார். “ஒண்ணுகூட ஒடையல! தம்பி, நீ நல்லா இருக்கணும்.” கூடையை என்னிடமே கொடுத்துவிட்டார். “வீட்டுல புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடு.”

வீட்டில் அந்த முட்டைகளைத் தின்றோம்.

5. மானேஜர் அறை

பயணத்தின் முதல் நாளே, தைச்சி ஊரைத் தாண்டி ஒரு சிறு பாலத்தில் ஏறி இறங்கும்போது இடது மெயின் பட்டை முறிந்தது. அச்சு விலகி, வண்டி வாய்க்காலில் சாய்ந்தது. இரும்பு அடுப்பு காசிம் பாயின் வலது கை மேல் விழுந்தது. ரங்கூன் ஆஸ்பத்திரியில் அந்தக் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மானேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். கோ சான் ஊ வாசலில் நின்றார். “இவன் ரெடின்னு சொன்னானா இல்லையா? நானே கேட்டேனே!”

“சொன்னான், சார்.”

என்ன பேசுகிறோம் என்று கோ சான் ஊ என்னைக் கேட்டார். நீங்கள் ‘ரெடி’ என்று சொன்னீர்கள் என்கிறார் மானேஜர் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நான் சொன்னது சயாவுக்குத் தெரியுமே.”

இதை நான் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு உலைக்குப் போய்த் தம் இடுக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு பட்டறையில் யாரும் ‘ரடே’ சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் ஃபோர்மேன் ஆனேன்.

ஆஸ்பத்திரியில் காசிம் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். “சட்டி புடிக்கிற கையி போயிடுச்சு தம்பி. என்னையப் புடிக்கிற கையி இருக்கு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒம் மேல குத்தமில்ல. அரக்கான்காரன் ரெடின்னுட்டானாம்ல. நீ என்ன செய்வே?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்தேன். கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6. த்வாண்டே

சில வருஷங்கள் கழித்து, கோ சான் ஊ த்வாண்டே கால்வாய்க் கரையில் மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை மாட்டுவதாக ஒருவர் சொன்னார். படகேறிப் போனேன். பானைகள் அடுக்கிய துறைக்கு அருகே அவருடைய உலை இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

நடந்ததை எல்லாம் பர்மியிலேயே சொன்னேன். சாக்குக் கோட்டைத் துடைத்தது, தெரிந்தே ‘ரெடி’ என்றது, மானேஜர் அறையில் வாய் திறக்காதது. சொல்லி முடிக்கும் வரை அவர் சுத்தியலைத் தூக்கவில்லை.

“அந்தச் சமையல்காரர்?” என்று கேட்டார்.

“கை போயிடுச்சு. ஊருக்குப் போயிட்டார்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லை.”

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் நெருப்பைக் கிளறிவிட்டு, “ரடே, சயா,” என்றார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பட்டை மாட்டிய வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் யு போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். ஷாக்கிளுக்குக் கிரீஸ் விடாமல் வண்டியை அனுப்பாதீர்கள். வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், எந்த ரோட்டுக்கு, எவ்வளவு பாரத்துக்கு என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் நீங்களாக இருந்தால், கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படகேறியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவன்போல இரண்டாவது முறையும் நடந்துகொள்ள என்னால் முடியவில்லை. ஊருக்குள்ளே ஓடும். நெடுந்தூரம் தாங்காது.