தணிகாசலமும் கை கட்டப்பட்ட முசேவும்

பஞ்சாலையில் சாப்பாட்டு மணி அடித்துத் தறிகள் நின்றதும், "மேஸ்திரிக்கு இன்னைக்கு மீசை கோணல்" என்று ஒரு குரல் வரும். மேஸ்திரி திரும்பிப் பார்த்தால் யார் உதடும் அசைந்திருக்காது. குரல் தணிகாசலத்துடையது. உதடு அசையாமல் பேசும் வித்தை அவருக்குத் தானாகவே வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அவர் ஒரு பேசும் பொம்மை செய்தார். மரத்தலை, உருட்டுக் கண், போலீஸ்காரர் போலச் சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரத் துரைகளை மரியாதையாகக் கூப்பிடுவது போல அதற்கு முசே என்று பேர் வைத்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஞாயிறுதோறும் இருவருக்கும் அழைப்பு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து டவுன் கொட்டகைக்கு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. அதிலும் ஒருவன் பொம்மையைப் பேச வைக்கிறான். போகப்போக பொம்மையே அவனை ஆட்டிவைக்கிறது, கடைசியில் கொலையே விழுகிறது. வசனம் யாருக்கும் புரியவில்லை. பயம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் அவர் மனைவி தனக்கொடி முசேவை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்தாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் போட்டாள்.

"நான் செஞ்ச பொம்மைடி அது" என்றார் தணிகாசலம்.

"படத்துல அவனும் அப்படித்தான் நெனச்சான்" என்றாள் தனக்கொடி.

அழைப்புகள் நின்றன. வீராம்பட்டினத்து மீன்காரர் பாவாடை மட்டும் பேத்தி காதுகுத்துக்குச் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆனால் அவரும் படம் பார்த்தவர்தான். அம்மிக்கல்லை இறக்கிப் பெட்டியைத் திறந்து முசேவோடு போன தணிகாசலத்தை வாசலிலேயே நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காத. பொம்மை கையக் கட்டிட்டு உள்ள வா."

வலைக்கயிற்றால் அவரே இறுக்கிக் கட்டினார். ஜனங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். தணிகாசலத்துக்குத் தயார் செய்த வேடிக்கை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனதில் இருந்ததுதான் முசே வாயில் வந்தது.

"நான் என்னய்யா செஞ்சேன்? எவனோ ஒருத்தன் படத்துல செஞ்சதுக்கு என்னப் பெட்டியில போட்டாங்க. அம்மிக்கல்ல வெச்சாங்க. இவரு ஒரு வார்த்தை கேக்கல."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி தணிகாசலத்தை முறைத்தாள். "பெத்த புள்ளையா இருந்தா இப்படிச் செய்வியா நீ?"

"கயித்த அவுத்து வுடுப்பா" என்றது கூட்டம். பாவாடையே வந்து அவிழ்த்தார். முசேவின் கையைத் தடவிக்கூடக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் முசேவுக்குத் தனி இலை விழுந்தது, வஞ்சிரம் வறுவலோடு. தணிகாசலத்துக்குக் குழம்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகு அழைப்புகள் முன்பைவிட அதிகம். தனக்கொடியும் முசேவைப் பெட்டியில் பூட்டுவதை விட்டாள். பார்ப்பவர்கள் எல்லாரும் முசேவைத்தான் நலம் விசாரித்தார்கள். தணிகாசலத்திடம் மட்டும் சற்றுத் தள்ளியே நின்றார்கள். இப்படி ஒரு கல்நெஞ்சனா என்று கேள்வி.

அறுபத்தொன்றில் ஏதோ சண்டை. தனக்கொடி மூன்று நாள் கணவனோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு, பொம்மையைப் பார்த்து, "முசே, அவரச் சாப்பிடச் சொல்லுங்க" என்பாள்.

"ரசத்துல உப்பு இல்லன்னு சொல்றாரும்மா" என்றது முசே நான்காம் நாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தனக்கொடி உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். பாதி வழியில் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் தன் சொந்த உதட்டாலேயே சிரித்தார்.