மதியத்தில் நின்ற கார்

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மன்னாரிலும் ஹைபிரிட் கார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. பொறியியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்றிருந்த நான் ஓர் ஆய்வுக் குழுவுக்காக அவற்றிலிருந்து தரவு சேகரித்தேன். பற்றரியும் எஞ்சினும் வேலையைப் பங்கிடும் விதத்தைச் சீராக்கி, பெற்றோலை மிச்சப்படுத்துவது நோக்கம். உப்புக்குளத்து வியாபாரி ஒருவர் தம் வாடகைக் காரைத் தந்தார்.

அதன் சாரதி தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவன். நறுவிலிக்குளத்தில், தகரக் கொட்டிலில் மனைவியோடு குடியிருந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே நான் கருவியைப் பொருத்தியபோது குனிந்து பார்த்தான்.

“சேர், இது ஆரிட்டப் போய்ச் சொல்லும்?”

“ஒருத்தரிட்டயும் சொல்லாது. வேகம், பிரேக், பற்றரி. வாகனத்தை மட்டுந்தான் பாக்கும்.”

“கழுதை குறுக்க வந்தா எழுதுமோ?”

“நீர் பிரேக் பிடிச்சதை எழுதும். கழுதையை எழுதாது.”

“அப்ப என்னையும் எழுதாது” என்று சிரித்தான்.

கார் நிற்கும் இடத்தையும் அது பதியும். அதை நான் மறைத்தேன். காட்டிக்கொடுப்பில் ஆட்கள் தொலைந்த ஊர். சொன்னால் மறுத்துவிடுவான் என்று தெரியும்.

பெரும்பாலான மதியங்களில் கார் நறுவிலிக்குளத்தில் அசையாமல் நின்றது. ஏசி மட்டும் ஓடியது. பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானே இயங்கி அதை நிரப்பியது, மறுபடி இறங்கியது. நிற்கும் காரில் எரிபொருள் எப்படி வீணாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த மகிழ்ச்சியில் வரைபடத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சாரதியிடம் காரணம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

“ஓடாமலே என்ர பெற்றோலைக் குடிச்சிருக்கு!” என்றார் அவர். அன்று மாலையே சாரதியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

செய்தி கேட்டு மறுநாள் மதியம் நறுவிலிக்குளத்துக்குப் போனேன். கொட்டிலுக்குள் நிற்க முடியவில்லை, தகரம் கொதித்தது. உடம்பெல்லாம் வேர்க்குருவும் கொப்புளமுமாக ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. மனைவி மட்டைத் துண்டால் விசிறினாள்.

“காருக்குள்ளதான் பிள்ளை கொஞ்சம் கண்ணயருறது” என்றாள்.

அவன் குரலை உயர்த்தவில்லை. “வாகனத்தைத்தான் பாக்கும் எண்டனீங்கள், சேர்.”

திரும்பி முதலாளியிடம் கெஞ்சினேன்.

“பிள்ளைக்கெண்டு என்னட்ட ஒரு சொல் சொல்லியிருந்தா மாட்டன் எண்டிருப்பனோ? இப்ப வேற ஆள் பிடிச்சிட்டன். காட்டினது நீங்கள்தானே, சேர்?”

அவனுக்கு வேறு வேலை தேடிக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஆய்வறிக்கையில் அந்த மதியங்களை ‘தேவையற்ற இயக்கம்’ என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் திருத்த அவகாசம் இருந்தது. திருத்தினால் எது தேவை என்று எழுதவேண்டும். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றும் எழுதவேண்டும். அப்படியே அனுப்பிவிட்டேன்.