வசந்தா அக்காவின் கொலுவில் ஒரு கறுப்புப் பொம்மை

வசந்தா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் இப்போது குடியிருக்கும் அல் ஐனில் ஒரு காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து அவர் மகன் அழைத்திருந்தான். "அம்மா காலையில தவறிட்டாங்க ஆன்ட்டி" என்றான். எடுத்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் ஷார்ஜாவில் இருந்த காலத்தில் நம் வட்டாரத்தில் அவர் வீட்டுக் கொலுச் சுண்டல் சாப்பிடாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆகவே இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். "அவ கொஞ்சம் பட்டுனு பேசிடுவா" என்று நாம் சொல்லிக்கொள்வோம். பாராட்டாகச் சொன்னதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

அவரது எதிர் ஃபிளாட்டில் சூடானைச் சேர்ந்த ஹனான் என்ற பள்ளி ஆசிரியை குடியிருந்தார். அவர் மகள் ரானியாவுக்கு அப்போது ஆறு வயது. பிறந்தநாளுக்குத் தன்னைப் போலவே ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டிருந்தாள். அக்கா, ஹனான், நான் மூவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். அலமாரி முழுக்க மஞ்சள் முடி, நீலக் கண். ஒரு கடைக்காரர் தேடக்கூட இல்லை, "பிளாக் மாஃபி", கறுப்பு இல்லை என்று கையை விரித்தார். இன்னொருவர், கறுப்பில் இதுதான் இருக்கிறது என்று ஒரு குரங்குப் பொம்மையை எடுத்து நீட்டினார். ஹனான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கடைசியில் லண்டனில் இருக்கும் ஹனானின் தங்கை ஒன்றை அனுப்பிவைத்தார். கறுப்பு முகம், சுருட்டை முடி, மஞ்சள் கவுன். ரானியா அதைக் குளியலறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த நவராத்திரியில் அக்கா வீட்டுக்கு வந்தவள், கொலுப்படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செட்டியார் இருந்தார், போலீஸ்காரர் இருந்தார், கிரிக்கெட் அணிகூட இருந்தது. எங்களைப் போல ஒருவரும் இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. உன் பொம்மையைக் கொண்டுவா என்று அனுப்பி, மூன்றாம் படியில் காலியாக இருந்த இடத்தில் அதை வைத்தார். ரானியா கைதட்டினாள்.

மறுநாள் மாலை வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களில் ஒருவர் அந்தப் பொம்மையைப் பார்த்தார். பெயர் வேண்டாம், அவரும் நம்மில் ஒருவர்தான். "நல்லவேளை வசந்தா, திருஷ்டிக்கு ஒண்ணு வச்சுட்ட" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் குத்திப் பேசவில்லை. உண்மையிலேயே திருஷ்டிப் பொம்மை என்றுதான் நினைத்துவிட்டார். எனக்கு அதுதான் இன்னும் மோசமாகப் படுகிறது. ஹனானும் ரானியாவும் சோபாவில் இருந்தார்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து ஹனானும் சிரித்தபடியே, என்ன சொன்னார் என்று கேட்டார்.

பொம்மை அழகாக இருக்கிறதாம் என்று சொல்லியிருந்தால், சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிருப்போம். நான் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். கண்ணேறு படாமலிருக்க எங்கள் ஊரில் வீட்டு வாசலில் கறுப்பாக, கோரமாக ஒரு முகத்தைத் தொங்கவிடுவோம், இவர் இதை அது என்று நினைத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ரானியா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நவராத்திரி முடியும்வரை கொலுவில் வைத்ததை எடுக்கக் கூடாது. அக்கா எடுத்தார். குடும்பத்துக்கு ஆகாது வசந்தா என்று பின்னாலிருந்து யாரோ தடுத்தார்கள். அவர் காதில் வாங்காமல் பொம்மையை ரானியாவின் மடியில் வைத்தார். அவள் அதைப் பிடிக்கவில்லை. அது நழுவித் தரையில் விழுந்தது. ஹனான் குனிந்து எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு அக்காவிடம் சண்டைக்கே போனேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன்.

"பொய் சொன்னா நானும் சேந்து சிரிச்ச மாதிரிதான் கீதா. அவ பொண்ணு முன்னாடி என்ன பேசுறாங்கன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

எனக்கு இன்றும் இதில் முழுச் சம்மதம் இல்லை. ஹனானிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம், குழந்தையின் காதில் போட்டிருக்க வேண்டாம். அன்றே அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தலை குனிந்தபடி தட்டுகளைக் கழுவினார்.

சில மாதங்களில் ஹனானின் கணவருக்கு ராஸ் லஃபானில் வேலை கிடைத்து அவர்கள் கத்தாருக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்போது எதிர்க் கதவைத் தட்டவில்லை. அக்கா அனுப்பிய மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. பின்னால் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கொலுவில் கைவைத்த பலன் என்று நம்மில் சிலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள்மீது எனக்குக் கோபம் தீரவில்லை.

கடைசியாக அவரிடம் பேசியபோது குரல் தேய்ந்திருந்தது. சாப்பாடு, மருந்து என்று ஏதேதோ பேசிவிட்டு, "ரானியா இப்போ பெரிய கிளாஸ் போயிருப்பா. அதெல்லாம் மறந்திருப்பாளா?" என்று கேட்டார். சின்னக் குழந்தைதானே அக்கா, எப்போதோ மறந்திருப்பாள் என்றேன்.

"என்கிட்டயும் பொய்யா கீதா?" என்றார்.

எத்தனையோ கொலுவில் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். அன்று சொல்லாத பதிலை இங்கே, உங்கள் எல்லோர் முன்பும் சொல்கிறேன். அவள் மறந்திருக்க மாட்டாள், அக்கா.