மாயக்காளும் பாசிச் சக்கையும்

மேனேஜரின் ஜீப்புக்குள் மூன்று கூடை பாசிச் சக்கையைக் கொட்டியதற்காகத்தான் மாயக்காளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். 1979ஆம் வருஷம். நான் அந்தக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து லாரியில் வரும் கடல்பாசியை அலசி, வேகவைத்து, ஐஸ்கிரீமுக்குப் போடும் அகர் எடுக்கிற கம்பெனி அது. திருமங்கலத்துக்கு வெளியே, வானம் பார்த்த காடுகளுக்கு நடுவில் இருந்தது. மாயக்காளுக்குத் தொட்டியில் பாசி அலசும் வேலை. உப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடக்கும். அகர் எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் கம்பெனி மதிலுக்குப் பின்னால் கொட்டுவார்கள். அதை ஒட்டித்தான் அவளுடைய ஒன்றரை ஏக்கர் செவக்காடு. மழை பெய்தால் சக்கை சரிந்து அவள் நிலத்துக்குள் இறங்கி நாறும்.

மேனேஜர் விஸ்வேஸ்வரனிடம் மூன்று தடவை முறையிட்டாள். மூன்றாம் தடவை அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"பிடிக்கலேன்னா நீயே அள்ளிப் போட்டுக்கோயேன். யாரு வேணாம்னா?"

"எங்கிட்டு வேணும்னாலும் போடலாமா சார்?"

"எங்கே வேணா போடு. ஆளை விடு."

அவள் ஜீப்பில் போட்டாள்.

வேலை போன பிறகு அவளுக்கு அந்த ஒன்றரை ஏக்கர்தான் கதி. புருஷன் மொக்கைச்சாமி திருமங்கலத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பங்குனியில், நிலத்துக்குள் சரிந்து கிடந்த சக்கையை வெட்டி ஒதுக்க மாயக்காள் மண்வெட்டியோடு இறங்கினாள். சுற்றுவட்டாரமே வெடித்துக் கிடந்த வெயில் அது. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. ஆனால் சக்கைக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டது.

ஆடியில் மிளகாய் நட்டபோது, அன்றன்றைக்குக் கொட்டிய சக்கையை அள்ளிப் பாத்தியெல்லாம் பரப்பினாள். பத்தே நாளில் இலை ஓரம் கருகி, நாற்று முழுக்கப் போய்விட்டது. "பாசி கம்பெனிக்காரி கடலையே கொண்டாந்து காட்டுல கொட்டிட்டா" என்று ஊரே சிரித்தது. மாயக்காள் சக்கை மேட்டுக்குப் போய், மேலே ஒரு சிட்டிகை, நடுவில் ஒரு சிட்டிகை, அடியில் ஒரு சிட்டிகை என்று எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மேலே உப்புக் கரித்தது. இரண்டு வருஷ மழையில் நனைந்து மக்கிய அடிச் சக்கையில் உப்பே இல்லை. அன்றிலிருந்து பழசை மட்டும் அள்ளி, மண்ணோடு கொத்திக் கலந்தாள்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் கிணற்றில் கிடந்த சேற்றுத் தண்ணீரைத் தினமும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். அப்படியும் செடி நிற்கவில்லை. மாயக்காள் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஊற்றினாள். அவள் காட்டில் மிளகாய் பழுத்தது.

அதைப் பார்க்க வந்த விவசாய ஆபீசர், சக்கையைப் பற்றி விசாரிக்கக் கம்பெனிக்கு வந்தார். சக்கைக்கு விலை உண்டு என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே சக்கை மேட்டைச் சுற்றி முள்கம்பி. "கம்பெனிச் சொத்து. அத்துமீறி நுழையக் கூடாது" என்று சிவப்புப் பெயிண்டில் பலகை எழுதியவன் நான்தான்.

மாயக்காள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். "நாறுதுன்னு சொன்னப்ப இது யாரு சொத்துய்யா? எங்காட்டுல வந்து விழுந்தப்ப யாரு சொத்து? நாக்குல வச்சுப் பாத்தவ நானு, கம்பி கட்டுறவன் நீயா?"

மேனேஜர் வெளியே வரவே இல்லை.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குச் சக்கை விற்பதாக அவர் பேசி முடித்திருந்தார். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும். வைகையிலோ மணல்தான் ஓடியது. பயிர் வைத்த சம்சாரிகள் எதையும் நம்பும் நிலையில் இருந்தார்கள். பழைய சக்கையை அடியிலிருந்து தோண்ட ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்று மேனேஜர் புதுசையே ஏற்றச் சொன்னார். அந்த வருஷம் கம்பெனிக்கும் தண்ணீர்ப் பஞ்சம். ஐந்து தடவை அலச வேண்டிய பாசியை இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தோம். சக்கையில் உப்பு எப்போதையும்விட அதிகம். அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் லாரியோடு என்னை அனுப்பினார்கள். செக்கானூரணியில் டயர் பஞ்சர். கொடிக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாயக்காள் எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் வந்து வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். லாரி எங்கே போகிறது என்று லோடு ஏற்றியவர்களிடம் கேட்டிருக்கிறாள்.

கொடிக்கால்காரர் காசிமாயனுக்கு ஐம்பது வயதிருக்கும். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்.

"அண்ணே, இதைப் போட்டீகன்னா கொடி அம்புட்டும் கருகிப்போகும். இது புதுச் சக்கை. உப்பு" என்றாள் மாயக்காள்.

காசிமாயன் என்னைப் பார்த்தார். "ஏய்யா, யாரு இந்தம்மா?"

"கம்பெனியில வேலைக்கு இருந்தாங்க. நிறுத்திட்டோம்" என்றேன்.

"அப்ப வயித்தெரிச்சல்ல பேசுது. போ தாயி. கொடி தண்ணியில்லாமச் சாகுது, ஒஞ் சண்டைய கம்பெனி வாசல்ல போயி வச்சுக்க."

மாயக்காளின் முகம் கறுத்தது. "நீங்க நாசமாப் போனா எனக்கென்ன வந்துச்சு? ரெண்டு பஸ் மாறி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றபடி நாலடி போனாள். நின்றாள். திரும்பி வந்து லாரியிலிருந்து ஒரு கைச் சக்கையை அள்ளினாள். யாரும் தடுப்பதற்குள் காசிமாயனின் தாடையைப் பிடித்து வாய்க்குள் திணித்தாள்.

"முழுங்குய்யா! ஒன்னால முழுங்க முடியலேல்ல? ஒங் கொடி மட்டும் முழுங்கணுமா?"

அவர் காறித் துப்பினார். அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை துப்பிவிட்டு, லாரி ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஒரு கூடை எறங்கக் கூடாது! வண்டியத் திருப்புங்கடா!"

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார். நான் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாபாரத்தைக் கெடுத்தாள், ஆளை அடித்தாள் என்று மேனேஜர் போலீசில் புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மனசு உறுத்தியதால், அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொன்னேன். காசிமாயனும் புகார் ஏதும் இல்லை என்று சொல்லிவிட, அவளைப் போகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மாயக்காள் என் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஏன்யா பாக்கலேன்னு சொன்னே? அவரு வாயில திணிச்சது நெசம். அது உப்பாக் கரிச்சதும் நெசம். ரெண்டையும் சொல்ல வேண்டியதுதான? ஒன்னை எவன் காப்பாத்தச் சொன்னான்?"

கூட வந்திருந்த அவள் புருஷன் "வா புள்ள, போதும்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

சோழவந்தானில் செய்தி பரவிவிட்டது. யாரும் சக்கை வாங்கவில்லை. புதுச் சக்கை குவிந்து குவிந்து, கம்பியைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் அவள் நிலத்தில் சரிந்தது. மேனேஜர் வேறு வழியில்லாமல் கம்பியைப் பிடுங்கச் சொன்னார். மாயக்காள் புதுசைத் தனியாக ஒதுக்கி மழையில் போட்டுவிட்டு, பழசை அள்ளிக்கொண்டாள். மறு வருஷம் காசிமாயனே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, அவளிடம் கேட்டு, மக்கிய சக்கை ஏற்றிப் போனார். முதலில் அவரையும் வாசலில் நிற்கவைத்துத் திட்டிவிட்டுத்தான் கொடுத்தாளாம்.

எண்பத்தேழில் கம்பெனியை மூடினார்கள். நான் மதுரையில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வருஷம் கழித்துத் திருமங்கலம் சந்தையில் மாயக்காளைப் பார்த்தேன். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, வற்றலில் ஈரம் இருக்கிறது என்று சொன்ன தரகரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. பேச்சை நிறுத்தாமல் தரகர் பக்கமே திரும்பிக்கொண்டாள்.