டப்பாவில் போட்டிருந்த வயது

எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பா என்னை ஆறு வயதுக்காரியாக்கி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து செண்பகனூரில் ஒட்டிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. எங்களிடம் எதற்கும் அத்தாட்சி கிடையாது. "ஒம்பதுன்னு சொன்னா சேக்க மாட்டாங்க புள்ள. நாளைக்கே என்னோட கெழங்கு தோண்ட வந்திரணும், தெரியுதா?" என்றார் அப்பா. நன்றாகவே தெரிந்தது. தலைமையாசிரியர், தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஒன்றாம் வகுப்புக்கான வயது வந்துவிட்டது என்பது அந்தக் காலத்து வழக்கம். கழுத்து வரை போகக்கூடிய கையை நான் காது நுனியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பில் போய் உட்கார்ந்தால், அடடா, முக்கால்வாசிப் பேர் என் இனம்தான்! பள்ளங்கியிலிருந்து வந்த பக்கத்து பெஞ்சுக்காரன், பூண்டுக் காட்டில் சில வருடம் கூலி பார்த்துவிட்டு வந்தவன். குரல் உடையத் தயாராக இருந்த அவனுக்கும் ஆறு வயதுதான். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து பள்ளிக்குப் பொம்மைகள் வந்தன. குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்த வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவரும் புதிதாக வந்திருந்தார். எந்த வயதில் எந்த விரல் வளையும், அதற்கு எந்தப் பொம்மை வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெற்றுப் போட்ட எங்கள் அம்மாக்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது, பாவம். ஒவ்வொரு டப்பாவிலும் வயது அச்சடித்திருந்தது. அதன்படிதான் கொடுப்பேன் என்றார்.

ஒரு டப்பாவில் தகரத் தையல் மெஷின் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் நிஜமாகவே தைக்கும். டப்பா மேல் 9 என்று போட்டிருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் அந்த எண் எனக்குத் தெரியும். என்னை நினைத்தே யாரோ செய்து அனுப்பியதாகத் தோன்றியது. அப்படி ஓர் ஆசை எனக்கு அதற்கு முன்னால் எதன் மேலும் வந்ததில்லை.

எங்களுக்கு வந்தது ஓட்டை போட்ட மரப்பெட்டி. வட்டம், சதுரம், முக்கோணம் என்று கட்டைகள். அதனதன் ஓட்டையில் போட வேண்டும், அவ்வளவுதான். யார் எப்படிப் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள, சிஸ்டர் பென்சிலும் கையுமாக எதிரில் உட்கார்ந்தார். நான் கட்டையை எடுத்ததுமே பக்கத்துக்காரன் என் காலை மிதித்தான்.

"ஏ புள்ள, வெரசாப் போட்றாத. ஆறு வயசுக்கு இம்புட்டு வெவரம் ஆகாது. மாட்டுனா நாளைக்குக் காட்டுலதான் சோலி."

வீட்டில் சோறு வடித்து, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் சுமக்கிறவள் நான். அந்தக் கையால் சதுரக் கட்டையை வட்ட ஓட்டையில் திணித்துத் திணித்துத் தோற்றேன். பக்கத்துக்காரன் ஒரு படி மேலே போய், கட்டையை வாயில் வைத்துச் சப்பினான். அவனைப் பார்த்து வகுப்பே சப்பியது.

சிஸ்டர் முகத்தில் ஒரே இரக்கம். "மலைக்காற்றினால் உடல் நன்கு வளர்கின்றது. மூளை மாத்திரம் சற்றே மெதுவாக வளர்கின்றது" என்று தன் புத்தகத் தமிழில் டீச்சரிடம் சொன்னார்.

எங்கள் வயதெல்லாம் தெரிந்த டீச்சர், "ஆமாங்க சிஸ்டர், அப்படித்தாங்க கெடக்கு" என்று தலையாட்டினார்.

தையல் மெஷின் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போனது. அவளுக்குச் சான்றிதழிலும் ஒன்பது. முதல் நாளே ஊசியை ஒடித்துவிட்டாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு, எங்கள் மூளைக்கேற்ற பொம்மைகளை சிஸ்டர் ஊருக்கு எழுதிப்போட்டு வரவழைத்திருந்தார். ஆளுக்கொரு கிலுகிலுப்பை. எனக்கு அப்போது பத்து வயது.

"ஆட்டு, குழந்தாய்" என்றார் சிஸ்டர், அவ்வளவு அன்பாக.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிழங்குக் காட்டை நினைத்துக்கொண்டேன். சிரித்தபடி ஆட்டினேன், அவர் போதும் என்று சொல்லும் வரை.