லீவுக்குத் தேதி சொல்லாத அம்மன்

ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவனுக்கு ஒரே ஒரு சாபம்தான்: ஊருக்கெல்லாம் விடுமுறை வந்தால் அவனுக்கு இடுப்பு ஒடியும். ஏற்காட்டு லாட்ஜில் வேலை பழகியபோதே இது எனக்குத் தெரியும். மஸ்கட்டில் வேறு மாதிரி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக நம்பிக்கொண்டேன். பண்டிகை நாளில் அடுத்தவர் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பும் தோழர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஊர்க்காரர்கள்

போன தீபாவளிக்கு ஒரு குடும்பம் தங்கியிருந்தது. துண்டு மாற்றப் போனபோது என் பேச்சைக் கேட்ட அந்த அம்மாள், "ஏனுங்க, நீங்க சேலத்துப் பக்கமுங்களா?" என்றார். ஏற்காடு, வாழவந்தி என்றேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஏற்காட்டில்தான் அறை எடுப்பார்களாம். இப்போது அங்கே கூட்டம் தாங்கவில்லை என்று கடல் தாண்டி வந்துவிட்டார்கள்.

ஊர் முகத்தைப் பார்த்த நெகிழ்ச்சியில் கட்டிலை வழக்கத்தைவிட அழகாக விரித்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் அவர் கணவரிடம் சொல்வது கேட்டது. "அங்கயும் நம்மூர்க்காரங்கதான் பெட்டு விரிக்கறாங்க, இங்கயும் நம்மூர்க்காரரே விரிக்கறாரு. நொம்ப சௌகரியமுங்க."

அம்மனின் நம்பர்

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் யாழினிக்குக் காது குத்தும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி அது சித்திரையில் மாரியம்மன் திருவிழாவன்றுதான் நடக்கும். நான் வருவேன், வருவேன் என்று தள்ளிப்போட்டதில் அவள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் திருவிழாத் தேதி காலண்டரில் இருக்காது. செவ்வாய்க்கிழமை பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. அந்த வாரமே திருவிழா. சிவப்பு வந்தால் மறு செவ்வாய் மறுபடி கேட்க வேண்டும். இங்கேயோ லீவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே தேதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் தாமஸ் சார் கேரளத்துக்காரர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார். "அந்த அம்மனோட போன் நம்பர் இருந்தா குடு. நானே பேசிப் பாக்கறேன்."

பிறை

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அவரவர் பண்டிகைக்கு மற்றவர் டூட்டி பார்ப்போம். ரம்ஜான் பெருநாளில் சலவைப் பிரிவு பஷீர் பாயின் வேலையை நான் பார்த்தேன். நாகூர்ப் பக்கத்து மனிதர். பெருநாள் என்றைக்கு என்று முதல் நாள் சாயங்காலம் வரை அவருக்கே தெரியவில்லை. அதனால் தாமஸ் சார் டூட்டி சார்ட்டை அழித்து அழித்து எழுதினார்.

எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்திருந்தவனுக்கு அன்று பெரிய ஆறுதல். பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு பாய் சொன்னார்: "எங்களுக்குப் பிறை தெரியணும், உங்களுக்கு வெள்ளைப் பூ வரணும். பாவம் தம்பி, தாமஸ் சார்தான் எந்தப் பக்கம் அண்ணாந்து பாப்பாரு?"

சிவப்பு

குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். முதல் செவ்வாய் சிவப்பு. டவுனில் நகைக்கடையிலேயே குத்திவிடலாமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, ஊரு கூடாம, சாமி முன்னாடி இல்லாம குத்தறதுக்கா இத்தன வருசம் காத்திருந்தோம்?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

இரண்டாம் செவ்வாய் என் லீவின் கடைசி வாய்ப்பு. பூசாரி கூட்டத்தைப் பார்த்து, "நீயே வந்து எடு கண்ணு" என்று யாழினியைக் கூப்பிட்டார். அவள் புதுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை எடுத்துப் பிரித்து, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து நீட்டினாள். "அப்பா, செவப்பு. நல்லாருக்குதா?"

அறை

நான் மஸ்கட் திரும்பிய பின், அடுத்த செவ்வாயே வெள்ளை வந்தது. திருவிழாவன்று மனைவி வீடியோவில் கூப்பிட்டபோது நான் ஒரு அறையில் பாதிக் கட்டிலை விரித்திருந்தேன். யாழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் காதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது காதுக்கு வீறிட்டு, மாமனை உதறிவிட்டுப் போனைப் பிடுங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். எனக்குத் திரை இருட்டிவிட்டது. மேளமும் அவள் அழுகையும் மட்டும் கேட்டன. நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

கொஞ்ச நேரம் கழித்து விசும்பலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. "வலிக்குதுப்பா. போன வெச்சுராத."

நான் வைக்கவில்லை. 'கட்டில் பாதிதான் விரித்திருந்தது' என்று அந்த அறைக்கு வந்தவர் கொடுத்த புகார்தான், இத்தனை வருஷ வேலையில் நான் மனதாரச் சம்பாதித்தது.