காற்றாடி இரைச்சலோடு ஒரு பிளேக் மெட்டல் பாட்டு

பச்சைக் கொழுந்து வாடும் வாசம்...

எல்கடுவ பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்தே இல்லாத நாளிலும் அது பலகைகளில் ஊறிப்போய் நிற்கும். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஸ்டோரில்தான் வேலை. மாத்தளை டவுனில் மசாலாக் கடை வைத்திருந்தவரின் மகன் ரிஸ்வான், பள்ளிக்கூடத்து ஏ.எல். உயர்தர வகுப்பிலிருந்தே என் கூட்டாளி. அவன் கிட்டார், நான் குரல். டிரம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் போனில் ஒரு டிரம் ஆப். எங்கள் பேண்ட் அவ்வளவுதான்.

நாங்கள் வாசித்தது பிளேக் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... கிட்டாரில் பேஸை அடியோடு இறக்கி, ட்ரெபிளை ஏற்றி, ஒரே தந்தியை விடாமல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் என்றால் தொண்டை கிழிகிற அலறல். ரெக்கோர்டிங் கரகரவென்று இருந்தால்தான் அழகு. நோர்வேக் குளிரில் வளர்ந்த சத்தம். எல்கடுவ மழைக்கும் பனிக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அந்த வகைப் பாட்டுகளில் வழக்கமாக வரும் சாத்தான் மட்டும் எங்களிடம் கிடையாது. ரிஸ்வான் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"சைத்தான்ட பேரு பாட்டுல வந்தா நான் கிட்டார தொடமாட்டேன் மச்சான்."

அதனால் பனி, ரத்தம் குடிக்கும் அட்டை, மண்சரிவு என்று எழுதினேன். அதுவே போதுமான பயங்கரம்.

திடீரென்று அவனுக்குக் கட்டார் நாட்டு வேலை விசா வந்தது. பத்து நாளில் பயணம். இரண்டு வருடம் பழகிய எங்கள் ஒரே பாட்டை அதற்குள் பதிவு செய்யாவிட்டால், அது இருந்த தடமே இருக்காது. எப்படியாவது செய்தே தீர்வது என்று முடிவெடுத்தோம்.

இடம் மேல்மாடிதான். தகரக் கூரை, நீண்ட மண்டபம்... கத்தினால் சத்தம் போய்த் திரும்பி வரும். பௌர்ணமி லீவான போயா நாளில் ஸ்டோர் சும்மா கிடக்கும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிருங்க. சாமி பாட்டுதானே?"

"அந்த மாதிரிதான் சார்."

தப்பு அதற்கு அப்புறம்தான் நடந்தது, அதுவும் என் தப்பு. மழை விட்டுக் கொழுந்து ஏறிக் கிடந்ததால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் திடீரென்று கைக்காசு அறிவித்துவிட்டார்கள். லீவு நாளில் பறித்தால் அன்றைக்கே காசு, அதுதான் கைக்காசு. நானோ பெரட்டுப் பக்கமே போகாமல் ரிஸ்வானின் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

பாட்டின் மூன்றாவது நிமிடம். கீழே கொழுந்து லொறி வந்து நின்றது. யாரோ மேலே பார்க்காமலே சுவிட்சைப் போட்டார்கள். கொழுந்தை வாட்டும் ராட்சதக் காற்றாடிகள் எல்லாம் ஒன்றாக இரையத் தொடங்கின.

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்... நிறுத்தாதே என்று. கடைசி வரை வாசித்தோம்.

முடிந்ததும் திரும்பினால், கொழுந்து மூட்டையோடு நான்கு பேர் நிற்கிறார்கள். ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"என்னா தம்பி, ஒடம்புக்கு ஏதும் முடியலயா?"

வீட்டுக்குப் போய்ப் பதிவைக் கேட்டோம். பாட்டு முழுக்கக் கரகரப்பு, கடைசியில் புயல் மாதிரி ஒரு இரைச்சல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ரிஸ்வானுக்கு முகம் விழுந்துவிட்டது. பயணம் போகுமுன் ஒரு தடவையாவது தன் கிட்டார் நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவன் ஆசை. டவுனில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுப் போடும் ஸ்டூடியோ அண்ணனிடம் கொண்டுபோனான். எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் போகப்போகிறவனிடம் எப்படி மறுப்பது?

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

"காத்து சத்தம் எல்லாத்தயும் வழிச்சு எறிஞ்சிட்டேன். இப்ப கேளுங்க, சுத்தமா இருக்கு."

கேட்டோம். என் குரல் குளியலறையில் இருமுகிற மாதிரி இருந்தது. டிக் டிக் என்று டிரம். ரிஸ்வான் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ட கிட்டார் எங்க?"

கம்ப்யூட்டருக்கு அதுவும் இரைச்சல்தான். காற்றாடியோடு சேர்த்து அவன் கிட்டாரையும் துடைத்திருந்தது. ஸ்டூடியோ அண்ணனுக்கு நன்றி சொல்லிவிட்டு, பழைய பதிவை வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டில் ரிஸ்வான் சொன்னான்.

"அந்த அழுக்குலதான் நான் இருக்கிறேன். அதயே அனுப்பு."

கொழும்பில் மெட்டல் பாட்டுகளைச் சேர்த்து சீடி போட்டவர்களுக்கு அனுப்பினேன். பதில் வந்தபோது ரிஸ்வான் கட்டாரில் இருந்தான். டிரம் நிஜம் இல்லை, சாத்தான் இல்லை, கடைசி ஒரு நிமிடம் பாட்டே இல்லை, இது பிளேக் மெட்டலில் சேராது என்று எழுதியிருந்தார்கள்.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்றைக்கே நானே இணையத்தில் ஏற்றி, கீழே எழுதினேன்: பிளேக் மெட்டல், மாத்தளை.

இப்போது எனக்குச் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. நல்ல மைக், லேப்டாப் எல்லாம் இருக்கிறது. அழுக்குச் சத்தம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு பட்டன். அந்தப் பழைய பாட்டு பிளேக் மெட்டலா, டெத் மெட்டலா, வெறும் இரைச்சலா என்று கமெண்டில் இன்னும் சண்டை போடுகிறார்கள். எல்லாம் இருந்தும், அதன்பிறகு ஒரு பாட்டைக்கூட என்னால் தனியாக முடிக்க முடியவில்லை.

போன வாரம் ரிஸ்வான் பேசினான். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான், திரும்பிப் போகிற எண்ணம் இல்லையாம். அங்கே இத்தனை வருடம் லொறி ஓட்டி அவன் விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன.

"கை முந்தி மாதிரி ஓடுதில்ல மச்சான். அந்த வேகம் இல்லாட்டி அது பிளேக் மெட்டலா?"

"ஓடுற வேகத்துல வாசி. நான் அதுக்கே கத்துறேன். பேர நாம வைப்போம்."